பெருந்தொழிலைக் கைவிட்டால் மனிதர்களுக்கு என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆலைகளை மூடிவிட்டு எளிய வாழ்வுக்குத் திரும்ப வேண்டும் என்று நல்ல மனதோடு சொல்கிறவர்கள் பலரை எனக்குத் தெரியும். சிலர் நெருங்கிய நண்பர்கள். அவர்கள் என்னிடம் கேட்டவையும், யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் காத்திருந்தவையும் இங்கே இருக்கின்றன. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தங்கை பதினோரு வயதிலிருந்து இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். அதனால் எனக்கு இது வெறும் கொள்கை விவாதமாக ஒருநாளும் இருந்ததில்லை.

பெருந்தொழில் என்று எதைச் சொல்கிறீர்கள்?

புகைபோக்கி வைத்த ஒரு கட்டடத்தை நினைத்துக்கொண்டால் விஷயம் பிடிபடாது. சுரங்கம், எஃகு உலை, ரசாயன ஆலை, மின் நிலையம், சரக்குக் கப்பல், குளிர்கிடங்கு என்று ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும் சங்கிலி அது. ஒரே பொருளைக் கோடிக்கணக்கில், ஒரே தரத்தில், ஏழையும் வாங்கும் விலையில் செய்வதற்காக உருவான ஏற்பாடு.

ஒரு நகரத்தில் ஆலை மூடப்பட்டு வேலை போவது வேறு கதை. டெட்ராய்ட் நகரத்தில் 1950ல் 18 லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். 2020ல் ஆறரை லட்சத்துக்கும் குறைவு. அது பெருந்துயரம்தான். ஆனால் அங்கே நின்றுபோன கார் வேறோர் ஊரில் செய்யப்பட்டது. இங்கே நாம் பேசுவது, அந்தப் பொருள் எங்குமே செய்யப்படாமல் போனால் என்ன ஆகும் என்பதை.

நம் முன்னோர்கள் எந்த ஆலையும் இல்லாமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்தார்களே?

வாழ்ந்தார்கள். எத்தனை பேர், எப்படி என்று பார்க்க வேண்டும். 1800 வாக்கில் உலக மக்கள்தொகை சுமார் 100 கோடி. இன்று 800 கோடிக்கு மேல். அந்த 100 கோடியிலும், பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதி பதினைந்து வயதைத் தாண்டவில்லை. எந்த நாடு, எந்த நூற்றாண்டு என்று மாற்றி மாற்றிப் பார்த்தாலும் பழைய பதிவுகளில் இந்தப் பாதி என்ற கணக்கு திரும்பத் திரும்ப வருகிறது. அரச குடும்பங்களும் தப்பவில்லை. 2022ல் உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள் ஆயிரத்தில் 37 பேர். இதுவும் அதிகம்தான்.

முன்னோர் என்ற சொல்லே நம்மைக் கொஞ்சம் ஏமாற்றிவிடுகிறது. வளர்ந்து, பிள்ளை பெற்றவர்கள் மட்டும்தான் முன்னோர் ஆகிறார்கள். மூன்று வயதில் பேதியில் போன பிள்ளை யாருக்கும் பாட்டன் ஆகவில்லை. பழைய வாழ்வைப் பற்றி நம் காதுக்கு வந்த கதைகள் எல்லாமே பிழைத்தவர்கள் சொன்னவை.

800 கோடிப் பேருக்கு இயற்கை உரம் போதாதா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. பதிலும் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயிருக்குத் தழைச்சத்து வேண்டும், அதாவது நைட்ரஜன். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனால் இரண்டு அணுக்கள் இறுக்கமாகப் பிணைந்து கிடப்பதால் பயிரால் அதைத் தொட முடியாது. இயற்கையில் அந்தப் பிணைப்பை உடைப்பவை மின்னலும் சில நுண்ணுயிர்களும் மட்டும்தான். பயறு வகைகளின் வேர் முடிச்சில் இருப்பது அந்த நுண்ணுயிர்தான். 1909ல் ஜெர்மன் வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர் அதை ஒரு மேசைக் கருவியில் செய்து காட்டினார்; ஒரு மணி நேரத்தில் ஒரு தம்ளர் அளவுகூட வராத அம்மோனியா, அதாவது உரமாக்கிப் பயிருக்குத் தரக்கூடிய வடிவில் நைட்ரஜன். கார்ல் போஷ் அதை ஆலையாக்கினார். 1913ல் ஜெர்மனியின் ஓப்பாவில் முதல் ஆலை ஓடியது. காற்று மண்டல அழுத்தத்தைப்போல் 200 மடங்கு, 400 டிகிரிக்கு மேல் வெப்பம். இதைத் தாங்கும் எஃகுக் கலம் செய்வதே அன்று பெரும்பாடாக இருந்தது. ஒரு கொல்லன் பட்டறையில் நடக்கிற காரியம் இல்லை.

இன்றைய கணக்குப்படி உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் உணவு இந்த ஒரு வினையை நம்பி இருக்கிறது. உங்கள் உடம்பில் இருக்கும் நைட்ரஜனில் பாதியளவு ஏதோ ஓர் அம்மோனியா ஆலை வழியாக வந்ததாக இருக்கலாம்.

சாணம் இருக்கிறதே என்பார்கள். சாணம் நல்ல உரம், மண்ணுக்கு உயிர். ஆனால் மாடு தழைச்சத்தை உண்டாக்குவதில்லை. மேய்ந்த புல்லில் இருந்ததை வேறு இடத்தில் கொண்டுவந்து போடுகிறது, அவ்வளவுதான். மேய்ச்சல் நிலம் இளைத்து வயல் கொழுக்கிறது. பசுந்தாள் உரம் உண்மையிலேயே காற்றிலிருந்து எடுத்துத் தருகிறது. ஆனால் அது நிலத்தில் நிற்கும் மாதங்களில் அங்கே தானியம் விளையாது. ஆக, நிலம் இரண்டு மடங்கு வேண்டும், அல்லது வாய்கள் பாதியாக வேண்டும்.

எதிர்த்தரப்பில் உண்மை இருக்கிறது, அதையும் சொல்கிறேன். போடுகிற ரசாயன உரத்தில் பாதியளவு பயிருக்குப் போவதில்லை. ஆற்றிலும் காற்றிலும் கலந்து கேடு செய்கிறது. விளையும் தானியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கால்நடைத் தீவனமாகிறது. இவற்றைச் சரிசெய்தால் உரத்தை நன்றாகவே குறைக்கலாம், குறைக்கவும் வேண்டும். குறைப்பதிலிருந்து அடியோடு நிறுத்துவதற்குப் போகும்போதுதான் நடுவில் கோடிக்கணக்கான உயிர்கள் வந்து நிற்கின்றன.

எங்காவது ஒரு நாடு இப்படி நிறுத்திப் பார்த்திருக்கிறதா?

இலங்கை பார்த்தது. 2021 ஏப்ரல் இறுதியில் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை அறிவித்தார்கள். படிப்படியாக இல்லை, ஒரே அடி. நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். அதற்குள் நெல் விளைச்சல் சரிந்து, அரிசியில் தன்னிறைவு கண்டிருந்த நாடு வெளியிலிருந்து வாங்க வேண்டி வந்தது. அன்னியச் செலாவணி நெருக்கடி தனியாகவும் இருந்தது. எல்லாப் பழியையும் உரத்தின் மேல் போடுவது நியாயம் ஆகாது. ஆனால் அந்தப் பருவத்தில் வயலில் நின்ற உழவருக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தது.

கம்போடியாவில் நடந்தது கொடூரத்தின் உச்சம். 1975 ஏப்ரல் 17ல் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை தலைநகருக்குள் நுழைந்த சில நாட்களில் சுமார் 20 லட்சம் பேரை வயல்களுக்கு ஓட்டினார்கள். மருத்துவமனைப் படுக்கைகளோடு நோயாளிகள் தெருவில் தள்ளிச் செல்லப்பட்டார்கள். பணம் ஒழிக்கப்பட்டது. 1979 ஜனவரிக்குள் 15 முதல் 20 லட்சம் பேர் இறந்தார்கள். கொலை, பசி, நோய் மூன்றும் சேர்ந்து. எளிய வாழ்வு கேட்கும் என் நண்பர்களை அந்தக் கூட்டத்தோடு ஒப்பிட மாட்டேன், அது அநியாயம். ஆனால் மருந்தும் போக்குவரத்தும் ஒரே வாரத்தில் நின்றபோது முதலில் விழுந்தவர்கள் யார் என்பதை அங்கே பார்க்கலாம்: படுக்கையில் கிடந்தவர்கள், கைக்குழந்தைகள், முதியவர்கள்.

கியூபா சமாளித்ததே?

சமாளித்தது, மதிக்க வேண்டிய விதத்தில். சோவியத் ஒன்றியம் உடைந்ததும் எண்ணெயும் உரமும் திடீரென்று வற்றின. டிராக்டர் நின்ற இடத்தில் காளைகளைக் கட்டினார்கள். பத்து லட்சத்துக்கும் மேல் சைக்கிள்களை வாங்கினார்கள். நகரத்துக் காலி மனைகளில் காய்கறி போட்டார்கள். பசியில் எல்லோரும் எடை இழந்ததால் சில ஆண்டுகளுக்கு நீரிழிவு, இதய நோய் மரணங்கள் குறைந்ததுகூட பின்னால் பதிவாகியிருக்கிறது.

அதே காலத்தில், 1991 முதல் 1993 வரை, 50,000க்கும் மேற்பட்ட கியூபர்களுக்குக் கண் பார்வை மங்கியது, கால் மரத்தது. வைட்டமின் பற்றாக்குறை நரம்புகளைத் தின்றுவிட்டது. அதை எப்படி நிறுத்தினார்கள் தெரியுமா? நாடு முழுவதும் வைட்டமின் மாத்திரை கொடுத்து. அந்த மாத்திரை ஆலையில்தான் வந்தது. அந்தச் சைக்கிள்களும் சீன ஆலைகளில் செய்தவை.

உணவு ஒரு பக்கம் இருக்கட்டும். உடனே பாதிக்கப்படுவது யார்?

யாருடைய உடம்பு ஆலையைச் சாய்ந்துகொண்டு நிற்கிறதோ அவர்கள். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர் தாக்குப்பிடிப்பது வாரக் கணக்கில். அடுத்த வரிசையில் முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள், அதாவது உடம்பு தானாக இன்சுலின் சுரக்காதவர்கள். உலகில் 80 லட்சத்துக்கும் மேல்.

தங்கை பயன்படுத்தி முடித்த இன்சுலின் பேனா ஒன்று இப்போது என் மேசையில் கிடக்கிறது. பிரித்துப் பார்த்தேன். உள்ளே சுண்டுவிரல் தடிமனில் 3 மில்லி பிடிக்கும் கண்ணாடிக் குழல். சாதாரணக் கண்ணாடி என்றால் அதன் காரம் மருந்தில் இறங்கிவிடும். அதனால் போரான் கலந்த கண்ணாடி. போரான் தாது உலகத்தில் சில இடங்களில்தான் கிடைக்கிறது. குழலின் ஒரு முனையில் கறுப்பு ரப்பர் அடைப்பான், பெட்ரோலியத்திலிருந்து வந்தது. மறு முனையில் அலுமினிய வளையம். நுனியில் திருகும் ஊசி 4 மில்லிமீட்டர் நீளம், 0.23 மில்லிமீட்டர் தடிமன். அந்தத் தடிமனுக்குள் ஓட்டை இருக்கிறது! முனையைச் சரிவாகத் தீட்டி, வலிக்காமல் இறங்க சிலிக்கோன் பூசியிருக்கிறார்கள். மருந்தைச் செய்வது மனித மரபணு புகுத்தப்பட்ட நுண்ணுயிர். அது எஃகுத் தொட்டியில் வளர்கிறது. கிருமி சேராமல் இருக்க மெட்டாக்ரெசால், நிலையாக இருக்கத் துத்தநாகம், கலக்கத் தூய்மையிலும் தூய நீர். அப்புறம் அவள் வீடு வரைக்கும் குளிரில் பயணம்.

இதில் எந்தக் கண்ணியை உள்ளூரில் கையால் செய்யலாம் என்று நான் நேர்மையாக யோசித்தேன். காகித லேபிள் ஒன்றுதான் தேறியது.

இன்சுலினை முன்பு விலங்குகளிலிருந்து எடுத்தார்களே?

ஆமாம். 1922 ஜனவரியில் டொரன்டோவில் பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலில் போட்டது மாட்டுக் கணையச் சாறுதான். முதல் ஊசி பலிக்கவில்லை. சில நாட்களில் மேலும் சுத்தம் செய்த சாற்றைப் போட்டதும் பிழைத்துக்கொண்டான். அதற்கு முன்னால் இந்த நோய்க்கு இருந்த ஒரே சிகிச்சை பட்டினி போட்டு மரணத்தைத் தள்ளிப்போடுவது. ஆனால் ஒரு பவுண்டு இன்சுலினுக்குச் சுமார் 8,000 பவுண்டு கணையம் தேவைப்பட்டது. அத்தனை கணையமும் ஒரே இடத்தில், கெடாமல் கிடைக்க வேண்டுமென்றால் பெரிய இறைச்சிக் கூடங்களும் பனிக்கட்டியும் ரயிலும் வேண்டும். ஆக அதுவும் பெருந்தொழில்தான்.

மருந்துகளைச் சிறிய அளவில், சின்னச் சின்னக் கூடங்களில் தயாரிக்கக் கூடாதா?

சிலவற்றைச் செய்யலாம். எல்லாவற்றையும் அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 1941 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு படுக்கை சாட்சி.

ஒரு போலீஸ்காரர், நாற்பதைத் தாண்டிய வயது. கிருமித் தொற்று முகமெல்லாம் பரவி ஒரு கண்ணை எடுக்க வேண்டி வந்தது. அங்கிருந்த ஆய்வாளர்கள் படுக்கைக் கழிகலங்களிலும் கிடைத்த பாத்திரங்களிலும் பூஞ்சையை வளர்த்து, மாதக்கணக்கில் உழைத்து, கொஞ்சம் பெனிசிலின் சேர்த்து வைத்திருந்தார்கள். போட்ட ஒரே நாளில் அவருக்குத் தெளிவு வந்தது. காய்ச்சல் இறங்கியது, பசி எடுத்தது. மருந்து போதாது என்று அவருடைய சிறுநீரைச் சேகரித்து, அதிலிருந்து பெனிசிலினைப் பிரித்து மறுபடியும் அவருக்கே போட்டார்கள். ஐந்து நாளில் தீர்ந்துபோயிற்று. மார்ச் 15ல் இறந்தார்.

அறிவு இருந்தது, திறமை இருந்தது, இரவு பகல் பார்க்காத அக்கறை இருந்தது. அளவு மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஆழ்தொட்டிகளில் பூஞ்சையை வளர்க்கும் முறை வந்தபின், 1944 ஜூனில், இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளின் நார்மண்டித் தரையிறக்கத்துக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட டோஸ்கள் தயாராக இருந்தன. மருந்து அதேதான். நடுவில் வந்தது தொட்டி. இந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும் அந்தச் சிறுநீர்க் குடுவை என் மனதை விட்டுப் போவதில்லை.

தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் போதாதா?

போதும், விறகு இருந்தால். திறந்த அடுப்பில் ஒரு லிட்டரைக் கொதிக்கவைக்க ஏறக்குறைய ஒரு கிலோ விறகு பிடிக்கும். ஒரு நகரத்துக்கே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1908ல் அமெரிக்காவின் ஜெர்சி நகரத்தில் குழாய்த் தண்ணீரில் தொடர்ந்து குளோரின் கலக்க ஆரம்பித்தார்கள். அந்தப் பழக்கம் பரவிய இடமெல்லாம் டைபாய்டு சரிந்தது. குளோரின் உப்பு நீரில் மின்சாரம் பாய்ச்சி எடுப்பது. மின்சாரம் போனால் அதுவும் போகும்.

ஆலை இல்லாவிட்டால் வேலை கூடும். எல்லோருக்கும் உழைப்பு கிடைக்கும். நல்லதுதானே?

யாருக்கு வேலை கூடும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்றைக்கே தண்ணீர்க் குழாய் எட்டாத இடங்களில் என்ன நடக்கிறது என்று தெரியும். பெண்களும் சிறுமிகளும் ஒவ்வொரு நாளும் 20 கோடி மணி நேரத்தைத் தண்ணீர் கொண்டுவருவதில் செலவிடுகிறார்கள் என்று 2016ல் யுனிசெஃப் கணக்கிட்டது. விறகு, சுள்ளி, சாணி போன்றவற்றை எரிக்கும் அடுப்புப் புகையால் 2020ல் சுமார் 32 லட்சம் பேர் செத்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் ஒரு கணக்கு. அடுப்பு முன்னால் உட்கார்ந்திருப்பது யார், அவர் மடியில் யார் இருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

துணி துவைப்பதையே எடுத்துக்கொள்வோம். ஒரு கனமான படுக்கை விரிப்பை நனைத்து, அடித்துத் துவைத்து, இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, இரு கையாலும் முறுக்கிப் பிழிந்து பாருங்கள். மூன்றாவது விரிப்பில் மணிக்கட்டு விட்டுப்போகும். அதற்கான தண்ணீரை முதலில் தூக்கி வர வேண்டும். இருபது லிட்டர் குடம் இருபது கிலோ. பிள்ளைத்தாய்ச்சியும் இதைச் செய்தாள், மாதவிடாய் நாளிலும் செய்தாள், காய்ச்சலிலும் செய்தாள்.

துணி கிடைப்பதே தனிப் பாடு. நெசவாளி ஒருவரின் தறி ஓயாமல் ஓட, கையால் நூல் நூற்பவர்கள் பல பேர் வேண்டும். ஆலை வருவதற்கு முன்னால் உலகின் பல பகுதிகளில் பெண்கள் பேசும்போதும் பிள்ளையை ஆட்டும்போதும் நூற்றுக்கொண்டே இருந்தார்கள். பலரிடம் இருந்தது ஒன்றிரண்டு உடுப்புதான்.

உழைப்பின் மாண்பு பற்றி எழுதியவர்களில் இந்தத் துணியைத் துவைத்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. எழுத நேரம் கிடைத்ததே வேறொருவர் துவைத்ததால்தான். சிறுமிகளின் பள்ளி நேரம் இந்த வேலைகளில்தான் முதலில் கரையும்.

பிரசவம் பெண்ணின் இயற்கை. அதற்கும் ஆலைக்கும் என்ன தொடர்பு?

இயற்கைதான். ரத்தப்போக்கும் இயற்கைதான். அதை நிறுத்தும் ஆக்சிடோசின் ஊசி, ரத்தம் சேர்த்து வைக்கும் பிளாஸ்டிக் பை, கொதிகலனில் சுத்தப்படுத்திய கத்தரி, கையுறை, மயக்க மருந்து எல்லாம் ஆலைப் பொருள். நல்ல மருத்துவச்சியின் கை பெரிய செல்வம்; அந்தக் கையில் இவையும் இருக்க வேண்டும்.

ஆலைகள் செய்த அநியாயங்களை மறந்துவிட்டீர்களா?

மறக்க மாட்டேன். ஜப்பானின் மினமாட்டாவில் ஆலை கடலில் விட்ட பாதரசம் மீன் வழியாகத் தாயின் கருப்பை வரை போனது. அந்த நோய் 1956ல் முதன்முதலில் அதிகாரபூர்வமாகப் பதிவானது. 1984 டிசம்பரில் போபாலில் நள்ளிரவில் கசிந்த வாயு தூங்கியவர்களைக் கொன்றது. 2013 ஏப்ரல் 24ல் வங்கதேசத்தின் ரானா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்ட தையல் தொழிலாளர்கள் செத்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்திருந்தது. மேலே சொன்ன ஓப்பா உர ஆலையும் 1921 செப்டம்பரில் வெடித்து 500 பேருக்கு மேல் மாண்டார்கள். அம்மோனியா செய்து காட்டிய அதே ஹேபர்தான் 1915ல் போர்க்களத்தில் குளோரின் வாயுவைத் திறந்துவிட முன்னின்றவர். புவி சூடாவதற்கும் இந்தச் சங்கிலியே பெரும்பொறுப்பு.

இந்த இடங்களில் செத்தவர்கள் யார் என்று பாருங்கள். மீனவக் குடும்பம், குடிசைவாசி, தையல் பெண். ஆலை இல்லாத உலகில் முதலில் சாகப் போவதும் அதே குடும்பங்கள்தான். இந்த இரட்டை அநியாயம் எனக்குப் பொறுக்கவில்லை. அவர்களுக்கு நாம் தர வேண்டியது பாதுகாப்பான ஆலையும் சுத்தமான காற்றும். மருந்தில்லாத வீடு அதற்கு ஈடாகாது.

குறிப்பிட்ட கேட்டைக் கைவிட முடியும் என்பதற்கும் சாட்சி உண்டு. குளிர்பெட்டிகளில் ஓடி ஓசோனைத் துளைத்த குளோரோஃபுளோரோகார்பன்களை 1987 மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் உலகம் படிப்படியாக விட்டது. கார்களுக்கான ஈயம் கலந்த பெட்ரோலை 2021ல் கடைசி நாடான அல்ஜீரியாவும் விட்டது. குளிர்பெட்டியும் ஓடுகிறது, வண்டியும் ஓடுகிறது.

குறைந்தபட்சம் காடுகளாவது தப்புமே?

அப்படித்தான் நானும் ஒருகாலத்தில் நினைத்தேன். ஆனால் 800 கோடிப் பேரும் விறகுக்குத் திரும்பினால் முதலில் போவது காடு. நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் கற்கரி வருவதற்கு முன் இரும்பு உருக்கியது மரக்கரியில்; 1709ல் இங்கிலாந்தின் கோல்புரூக்டேலில் கற்கரியை வைத்து உருக்கத் தொடங்கியதால்தான் இரும்புக்கும் காட்டுக்கும் இருந்த முடிச்சு அவிழத் தொடங்கியது. விளைச்சல் பாதியானால் உழவு நிலம் காட்டுக்குள் நகரும். பசித்தவரிடம் மரத்தை விட்டுவிடு என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

நாங்கள் ஒரு சிறு குழுவாக விலகி வாழலாமா?

தாராளமாக. அதில் அழகும் படிப்பினையும் உண்டு. அமெரிக்காவின் ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்தார் மூன்று நான்கு லட்சம் பேர் குதிரை வண்டியோடு வாழ்கிறார்கள். எந்தக் கருவியை ஏற்பது என்று ஊர் கூடி முடிவெடுக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை எல்லோரும் கற்றுக்கொள்ளலாம். அவர்களும் ஆலை எஃகில் செய்த கருவியை வாங்குகிறார்கள், பிள்ளைக்கு முடியாமல் போனால் மருத்துவமனைக்குப் போகிறார்கள். சுற்றிலும் பெருந்தொழில் நிற்பதால்தான் நடுவில் அந்த வாழ்வு இத்தனை பாதுகாப்பாக இருக்கிறது.

காந்தி இயந்திரங்களை எதிர்த்தாரே?

இயந்திர மோகத்தை எதிர்த்தார். 1924ல் இதைப் பற்றிக் கேட்டபோது சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்துத் தைத்துக் களைப்பதைப் பார்த்த ஒருவரின் அன்பில் பிறந்தது அது என்பது அவர் சொன்ன காரணம். அந்த இயந்திரத்தைச் செய்ய ஆலை வேண்டுமே என்று மடக்கியதும், வேண்டும்தான், அது அரசுடைமையாக இருக்கட்டும் என்றார். களைத்த ஒரு பெண்ணின் கையிலிருந்து அவர் யோசிக்கத் தொடங்கினார். நானும் அங்கிருந்துதான் தொடங்குகிறேன்.

மக்கள்தொகை மெதுவாகக் குறைந்து, தானாகவே தேவை குறைந்தால்?

அது நடந்துகொண்டிருக்கிறது. 1960களில் உலகில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஐந்து பிள்ளைகள். இப்போது இரண்டுக்குச் சற்று மேல். குறைந்ததற்குப் பெரிய காரணங்கள் பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை, பெண் படிப்பு, கருத்தடை. மூன்றும் பெருந்தொழிலின் நிழலில் வளர்ந்தவை. நிழலை வெட்டிவிட்டால் குறைவு நிற்கும். பிறப்பு கூடும், இறப்பும் கூடும்.

நாம் கற்ற அறிவு மிஞ்சுமே? பழைய காலம் அப்படியே திரும்பாது அல்லவா?

இந்தக் கேள்வியில் எனக்கு உண்மையான நம்பிக்கை உண்டு. கை கழுவுவது, தண்ணீர் கொதிக்கவைப்பது, கொசு எதைக் கடத்துகிறது என்று தெரிவது, இவை போகாது. 1971ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா வந்தபோது சிரை வழி ஏற்றும் திரவம் தீர்ந்தது. மருத்துவர் திலீப் மஹாலனபிஸ் குளுக்கோஸ், உப்பு, சோடா உப்பு கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். நூறில் முப்பதாக இருந்த மரணம் நான்குக்கும் கீழே வந்தது. சர்க்கரையும் உப்பும் சுத்தத் தண்ணீரும் இருந்தால் ஒரு தாய் இதைச் செய்யலாம். குழந்தைகள் எல்லோரும் பழைய கணக்கில் சாக மாட்டார்கள்.

ஆனால் அறிவும் பழக்கத்தில் இருந்தால்தான் நிற்கும். ரோமானியர் ஆட்சி முடிந்தபின் ஐந்தாம் நூற்றாண்டு பிரிட்டனில் சக்கரத்தில் பானை வனைவதே மறைந்துபோனது. சக்கரத்தைச் சுற்றிவிட்டு வனைவது அத்தனை எளிய தொழில். வாங்கும் சந்தை போனதும் கையும் மறந்துவிட்டது.

பெரியம்மையையும் பாருங்கள். 1980ல் ஒழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். தடுப்பூசி என்ற யோசனை அதற்கு 180 ஆண்டுகளுக்கும் மேல் முந்தியது. ஒழித்தது உறைய வைத்து உலர்த்திய மருந்தும், நுனி இரண்டாகப் பிளந்த ஒரு சின்ன ஊசியும், அவற்றைக் கோடிக்கணக்கில் செய்த ஆலைகளும், வீடு வீடாக நடந்த கால்களும்.

அப்படியானால் எதையும் மாற்றக் கூடாதா?

நிறைய மாற்ற வேண்டும். ஒரு முறை மட்டும் உடுத்தி எறியும் உடுப்பு, பழுது பார்க்க முடியாதபடி ஒட்டிய கருவி, அளவில்லாத பொட்டலம், போருக்கென்றே ஓடும் ஆலை எல்லாம் குறையட்டும். அம்மோனியாவை நிலக்கரியும் இயற்கை எரிவாயுவும் இல்லாமல், நீரிலிருந்து மின்சாரத்தால் பிரித்த ஹைட்ரஜனில் செய்யலாம்; வழி தெரிந்ததுதான், செலவு இறங்க வேண்டும்.

எதை நிறுத்தலாம் என்று யாராவது என்னிடம் பட்டியல் காட்டினால் நான் கேட்பது ஒன்றுதான்: இது நின்ற பதினைந்தாம் நாள் யார் வீட்டில் என்ன நடக்கும்? வீட்டையும் ஆளையும் மனதில் வைத்துப் பதில் சொன்னால் பட்டியலில் பாதி நிற்கும், பாதி தானே விழும்.

என் வீட்டிலும் ஒருவர் இன்சுலின் போடுகிறார். குளிர்பெட்டி நின்றுவிட்டால் எத்தனை நாள் தாங்கும்?

பயத்தில் தூக்கி எறிந்துவிடாதீர்கள். திறக்காத மருந்தை 2 முதல் 8 டிகிரியில் வைக்கச் சொல்கிறார்கள். பயன்பாட்டில் இருக்கும் பேனாக்களில் பெரும்பாலானவை 30 டிகிரிக்குள் சுமார் 28 நாள் தாங்கும். உங்கள் மருந்தின் பெட்டியில் எழுதியிருப்பதே கணக்கு. 25க்கும் 37க்கும் நடுவே வெப்பம் ஏறி இறங்கும் சூழலிலும் நான்கு வாரம் வீரியம் குறையவில்லை என்று 2021ல் வெளியான ஜெனீவா பல்கலைக்கழக, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் ஆய்வு காட்டியது. காற்று உலர்ந்த இடம் என்றால் ஈர மணல் நிரப்பிய இரட்டை மண்பானைக்குள் வைப்பதும் உதவும். உறைய விடாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள்.

திறந்த தேதியைப் பேனாவிலேயே எழுதி வையுங்கள். தங்கை சிறு காகிதத் துண்டில் எழுதி ஒட்டுவாள். என் மேசையில் கிடக்கும் காலிப் பேனாவில் அது இன்னும் ஒட்டியிருக்கிறது. இருபத்தொன்பதாம் நாள் காலையில் அவளுக்கு அடுத்த பேனா வேண்டும்.